டர்பனில் முதல் அஞ்சறைப்பெட்டி

வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணமாகியோ தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஊரிலிருந்து சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, குழம்புத்தூள் என்று கிலோக் கணக்கில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இல்லையென்றால் முதல் வாரமே கடைக்குப் போய்க் கண்ணில் பட்ட பொட்டலங்களையெல்லாம் வாங்கி அலமாரியை நிரப்புகிறார்கள். எப்படிச் செய்தாலும் மூன்று நான்கு மாதத்தில் மிஞ்சுவது வாசம் போன தூள்தான். இது கடலோர ஊர். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்றில் ஈரம் அப்பிக் கிடக்கும். உப்பே கட்டிதட்டிப் போகும்போது தூள் எம்மாத்திரம்?

ஆகவே முழுச் சரக்காக, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்ளுங்கள். கடையில் பொடியாகவே வாங்க வேண்டியது மஞ்சளையும் பெருங்காயத்தையும் விட்டால் ஒன்றே ஒன்று. அது இந்த ஊருக்கே உரிய மசாலா. அதைப் பற்றி விரிவாகப் பிறகு சொல்கிறேன்.

இங்கே சரக்குக்குப் பஞ்சமில்லை என்ற தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன். மதராஸிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இந்தத் துறைமுகத்தை அடைந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் முதல் கப்பல் அது. 1911 வரை ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். பெரும்பங்கு மதராஸ் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். சொந்தச் செலவில் கப்பலேறி வந்து கடை வைத்தவர்களில் குஜராத்திகள் அதிகம். அதனால் கடையில் சரக்கின் பெயர் வடக்கத்திப் பேச்சில் இருக்கும், வாங்க நிற்பவர்களோ நாயுடு, பிள்ளை, கவெண்டர், மூட்லி என்று குடும்பப் பெயர் கொண்ட தமிழ், தெலுங்கு வழிவந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் உங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். ஆனால் எந்தச் சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் பாட்டி எந்த மூட்டையிலிருந்து அள்ளச் சொல்கிறார் என்று பாருங்கள். தயங்காமல் கேட்கவும் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.

எங்கே போவது

நகரத்துக்குள் என்றால் விக்டோரியா தெருச் சந்தை. பழைய சந்தை 1973இல் தீயில் அழிந்தது. இப்போதிருப்பது பின்னால் கட்டியது. வண்ண வண்ணமாகக் குவித்து வைத்த மசாலாக் கோபுரங்களைப் படம் பிடிக்கச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். அப்படித் திறந்த குவியலில் இருக்கும் தூளை நான் வாங்க மாட்டேன். காற்றும் வெளிச்சமும் பட்டுக்கொண்டே இருக்கும் தூளில் வாசம் நிற்காது. அதே கடையில் உள்ளே மூடிய டின்னில் வைத்திருப்பதைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மான்டி நாயக்கர் சாலையில் ‘ஸ்பைஸ் எம்போரியம்’ இருக்கிறது. பருப்பு, மசாலா, பாத்திரம், பூஜைச் சாமான் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதால் வீடு அமைக்கிறவர்களுக்கு அலைச்சல் குறையும். காய்கறி, கறிவேப்பிலை, மல்லித்தழைக்கு வார்விக் பக்கத்து விடிகாலைச் சந்தை. சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்தால் வாரக் கடைசியில் கூடும் பங்களாதேஷ் சந்தை போதும். ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிபிங்கோ எல்லா இடத்திலும் நல்ல மசாலாக் கடை ஒன்றாவது இருக்கும்.

சூப்பர்மார்க்கெட்டை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் சீரகத்தின் விலையைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மசாலாக் கடை எவ்வளவு மலிவு என்று புரியும்.

கடையில் கேட்கும் பெயர்கள் சில: சீரகம் ஜீரா, வெந்தயம் மேத்தி, ஏலக்காய் எலாச்சி, சோம்பு சூம்ஃப். துவரம்பருப்பு எண்ணெய் தடவி வரும், அதற்கு ஆயில் டால். தன்யா என்று கேட்டால் பச்சைக் கொத்தமல்லித்தழையைத்தான் தருவார்கள். மல்லி விதை வேண்டுமென்றால் காரியாண்டர் சீட் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பெட்டியில் எது, எவ்வளவு

வட்டமான எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி இங்கேயே கிடைக்கும். உள்ளே ஏழு கிண்ணம் இருக்கும். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள், காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு. தினமும் கை போகும் சரக்கு இவைதான். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு முதல் தடவை கடுகு 100 கிராம், சீரகம் 100, வெந்தயம் 50, மிளகு 50, மஞ்சள்தூள் 100, காய்ந்த மிளகாய் 250, மல்லி விதை 500, புளி 500, பெருங்காயம் 50 கிராம் டப்பா ஒன்று. இரண்டு மாதம் ஓடும். உங்கள் வீட்டில் எது சீக்கிரம் தீர்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். அடுத்த முறை அதை மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

மல்லியில் தொடங்குகிறேன். குழம்பின் உடம்பே அதுதான். அது பழசாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் குழம்பு நிற்காது. ஒரு பிடி விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகருங்கள். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருவது போன்ற வாசம் எழ வேண்டும். நிறம் பச்சை கலந்த பொன்னிறமாக இருக்கட்டும். சாம்பல் பூத்து, விரலில் தூசி ஒட்டினால் அது நாட்பட்டது. விதையில் ஊசித்துளை இருந்தால் வண்டு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மூட்டையையே விட்டுவிடுங்கள். அரை கிலோ அதிகமாகத் தோன்றலாம். மல்லி எடையில் லேசானது, வறுத்துப் பொடித்தால் பாதியாக அடங்கிவிடும்.

மிளகாய்க்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஊரில் ராமநாதபுரம் குண்டு, சம்பா என்று பெயர் சொல்லி வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே அந்தப் பெயர்கள் உதவாது. பெரும்பாலும் கிடைப்பது இரண்டு. தோல் சுருங்கி அடர்சிவப்பாக இருக்கும் காஷ்மீரி மிளகாய் நிறம் தரும், காரம் குறைவு. ஒல்லியாகவோ குட்டையாகவோ இருப்பது காரம் தரும். எண்ணிக்கையில் இரண்டு பங்கு காஷ்மீரிக்கு ஒரு பங்கு கார மிளகாய் என்று கலந்தால் நம் ஊர்ச் சம்பாவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். காம்பு ஒட்டியிருக்க வேண்டும், ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், தோல் மினுங்க வேண்டும். ஒன்றிரண்டை உடைத்து உள்ளே பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படிந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பூஞ்சை பிடித்த மிளகாயில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு உருவாகலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. இந்த ஊர் ஈரத்தில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

மஞ்சளைத் தூளாகவே வாங்கலாம். கிழங்கைப் பொடித்தால் வீட்டு மிக்ஸியின் கத்திதான் உடையும். ஆனால் வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்: கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு டீஸ்பூன் தூளை மேலே தூவிக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும், தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுக்கப் பளீரென்று மஞ்சளானால் சாயம் சேர்ந்திருக்கிறது. மிளகாய்த்தூளையும் இப்படிப் பார்க்கலாம்; சாயம் இருந்தால் தூள் மூழ்கும்போது சிவப்பு இழை இழையாகக் கீழே இறங்கும். கஸ்தூரி மஞ்சள் வேறு சரக்கு, பூசுவதற்கானது. அதைக் குழம்பில் போட வேண்டாம்.

கடுகு வாங்கும்போது சின்னதாக, கரும்பழுப்பாக இருப்பதைப் பாருங்கள். சூப்பர்மார்க்கெட்டில் பெரிய வெளிர்மஞ்சள் கடுகு இருக்கும். அது மேல்நாட்டு ஊறுகாய்க்கும் சாஸுக்கும் உரியது. தாளித்தால் நம் வாசம் வராது. சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் போதும். கை கறுத்தால் புல்விதைக்குக் கரி ஏற்றிக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். மிளகைத் தண்ணீரில் போடுங்கள். கனமானது மூழ்கும், பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும். வெந்தயம் எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெருங்காயத்தில் ஒரு எச்சரிக்கை. நாம் டப்பாவில் வாங்குவது தனிப் பெருங்காயம் அல்ல. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்தில் விளையும் ஒரு செடியின் பால்பிசினோடு மாவும் கருவேல வகைக் கோந்தும் சேர்த்துச் செய்தது. சில டப்பாவில் கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. வீட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் லேபிளைப் படித்து அரிசி மாவு சேர்த்ததைத் தேடுங்கள்.

வாசனைச் சாமான்

பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை. இவற்றுக்குப் பெட்டியில் இடம் வேண்டாம். வாசம் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். சோம்பு 50 கிராம், மற்றவை 20, 25 கிராம் தாண்ட வேண்டாம்.

பட்டையில் இரண்டு வகை உண்டு. காகிதம் போல மெல்லிய தோல் பல சுற்றாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் நொறுங்குவது இலங்கைப் பட்டை. மரச்சிராய் போலத் தடிமனாக ஒரே சுற்றாக இருப்பது காசியா. டர்பன் கறிகளில் பெரும்பாலும் காசியாதான் போகிறது. எண்ணெயில் பொரிந்து உரமான வாசம் தரும். பாயசத்துக்கும் தேநீருக்கும் இலங்கைப் பட்டை மேல். தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் கட்டாயம் இலங்கைப் பட்டையே வாங்குங்கள். காசியாவில் கூமரின் என்ற பொருள் பல மடங்கு அதிகம். நாள்தோறும் மிகுதியாக உள்ளே போனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது அது.

கிராம்பின் தலையை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்லது மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். ஏலக்காய் வாய் திறக்காமல் பச்சையாக இருக்கட்டும். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், விதை கறுப்பாகப் பிசுபிசுத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

டர்பன் மசாலா

இதை மட்டும் ஊர்க் குழம்புத்தூளுக்கு மாற்று என்று நினைத்து வாங்காதீர்கள். சாம்பாரில் இதைப் போட்டால் சாம்பார் கெடும். சாம்பார்ப் பொடியில் டர்பன் கறி வைத்தால் அதுவும் கெடும். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில், இங்கே கிடைத்த தக்காளியோடும் உருளைக்கிழங்கோடும் உருவான சமையல் இது. தேங்காய்ப்பால் ஊற்றிக் காரத்தைத் தணிக்கிற வழக்கம் இதில் பெரும்பாலும் இல்லை. மிளகாயின் சிவப்பு எண்ணெயில் இறங்கி மேலே மிதக்க வேண்டும், அதுதான் இதன் லட்சணம். அதனால் மசாலாவில் மிளகாயின் பங்கு பெரிது. மல்லி, சீரகம், வெந்தயம், சோம்பு, பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் அதற்குத் துணை. அளவு கடைக்குக் கடை, குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பழைய கடைகள் தங்கள் கலவையை வெளியில் சொல்வதில்லை.

இறைச்சிக்கு, மீனுக்கு, காய்கறிக்கு, பிரியாணிக்கு என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். முதல் தடவை பொதுவான கறி மசாலா ஒன்று போதும். காரத்தைப் பொறுத்தும் பல படி உண்டு. சந்தையில் மாமியார் பெயரையும் அணுகுண்டு பெயரையும் எழுதி வைத்த கடுங்கார வகைகளைப் பார்ப்பீர்கள். நடுத்தரக் காரத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டுக் காரம் பழகியவர்தானே என்று கடுங்காரத்தில் கை வைக்க வேண்டாம், ஏனென்றால் இங்கே இதைச் சிட்டிகைக் கணக்கில் போடுவதில்லை, கரண்டிக் கணக்கில் போடுகிறார்கள். 200 கிராம் வாங்கிச் சமைத்துப் பாருங்கள். பிடித்தால் அதே கடை, பிடிக்காவிட்டால் அடுத்த கடை. மூன்று கடை பார்ப்பதற்குள் உங்கள் நாக்குக்கு உரியது கிடைத்துவிடும்.

அரை கிலோ கோழிக்கு, அல்லது அதே அளவு வெந்த சுகர் பீன்ஸுக்கு (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ் வகை) இப்படிச் செய்து பாருங்கள். எண்ணெயை ஊரில் ஊற்றுவதைவிடச் சற்றுத் தாராளமாக ஊற்றுங்கள். பட்டை ஒரு துண்டு, பிரிஞ்சி இலை ஒன்று, விருப்பமிருந்தால் அன்னாசிப்பூவில் ஓரிதழ். பிறகு வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது. இப்போது தீயைக் குறைத்து மசாலா இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் அரை டீஸ்பூன். எண்ணெயில் அரை நிமிடம் புரண்டதும் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். மிளகாய் கருகிவிட்டால் கசப்பை எதனாலும் எடுக்க முடியாது. துருவிய தக்காளியைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கோழியைப் போடுங்கள். பாதி வெந்ததும் பெரிய துண்டாக நறுக்கிய உருளைக்கிழங்கு. இங்கே பல வீடுகளில் ஒரு காம்பு தைம் இலையும் போடுவார்கள். ஐரோப்பியச் செடியாயிற்றே என்று ஒதுக்க வேண்டாம். அவரை வகைக் கறிகளுக்கு அது மிக நன்றாகப் பொருந்துகிறது. கடைசியில் மல்லித்தழை. சுகர் பீன்ஸை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவையுங்கள். அரைவேக்காட்டில் அது வயிற்றைக் கெடுக்கும்.

மீன் கறிக்கு முறை சற்று மாறும். கடுகும் வெந்தயமும் தாளித்து, புளி கரைத்து ஊற்றுவார்கள். அதைச் சாப்பிடும்போது நம் ஊர் மீன்குழம்பின் உறவு நன்றாகத் தெரியும்.

சூப்பர்மார்க்கெட்டில் அட்டைப்பெட்டியில் வரும் கறிப்பொடிகளை வாங்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானது முதலில் வருமாறு எழுத வேண்டும் என்பது இங்கே விதி. உப்போ மாவோ முதல் சில பெயர்களுக்குள் வந்தால், மசாலா விலை கொடுத்து உப்பும் மாவும் வாங்குகிறீர்கள்.

பச்சையாக வேண்டியவை

கறிவேப்பிலைக்காக ஒருபோதும் கவலைப்பட வேண்டாம். டர்பன் தட்பவெப்பம் அதற்கு அப்படிப் பிடித்திருக்கிறது. இந்தியர் வாழும் தெருக்களில் வீட்டுக்கு வீடு மரம் நிற்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு கொத்து கேட்டால் ஒரு கிளையையே ஒடித்துத் தருவார். மரத்தடியில் முளைத்த கன்று ஒன்றையும் கேட்டு வாங்கித் தொட்டியில் வையுங்கள். உலர்ந்த கறிவேப்பிலைப் பொட்டலம் வாங்குவது வீண். மிஞ்சிய இலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் வாசம் இருக்கும். உறைந்தபடியே எண்ணெயில் போடலாம். ஊரிலிருந்து பச்சை இலையோ செடியோ நடுவதற்கான விதையோ கொண்டுவராதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணெய் மசாலா இல்லைதான். ஆனாலும் தாளிப்பு அதில்தானே நடக்கிறது, அதனால் ஒரு வார்த்தை. இங்கே எல்லா வீட்டிலும் சூரியகாந்தி எண்ணெய். கடுகு அதில் நன்றாகவே பொரியும். நல்லெண்ணெய் வேண்டுமென்று சூப்பர்மார்க்கெட்டில் சீனச் சமையலுக்கான கறுத்த எள்ளெண்ணெயை எடுத்துவிடாதீர்கள். அது வறுத்த எள்ளில் எடுத்தது, வாசமே வேறு. இந்தியக் கடையில் வெளிர்நிற நல்லெண்ணெய் கேட்டு வாங்குங்கள்.

பொடிப்பது

ஊர் மிக்ஸியைக் கொண்டுவரலாம். மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஊரில் ஏ.சி.க்கும் கெய்சருக்கும் போடும் மூன்று பெரிய உருண்டை முனை ப்ளக்கின் வகைதான் இங்கே பொதுவானது. மிக்ஸியின் சிறிய ப்ளக்குக்கு நல்ல அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டிய வீடுகளில் வேறொரு சிறிய சாக்கெட்டும் இருக்கலாம், பார்த்துவிட்டு வாங்குங்கள். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) அறிவித்திருக்கும் நாளில் வறுப்பதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். வறுத்த சரக்கு பொடிபடாமல் ராத்திரி முழுக்கத் தட்டில் கிடந்தால் ஈரம் இழுத்து நமத்துவிடும்.

சாம்பார்ப் பொடிக்கு நான் போடும் அளவு: மல்லி 200 கிராம், மிளகாய் 100, துவரம்பருப்பு 40, கடலைப்பருப்பு 40, மிளகு 20, சீரகம் 20, வெந்தயம் 10, மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எண்ணெய் விடாமல், சிறு தீயில் வறுக்க வேண்டும். பருப்புகள் சிவக்கட்டும். மல்லி வாசம் வந்ததும் இறக்குங்கள். வெந்தயத்தை மட்டும் கண் எடுக்காமல் பாருங்கள், நிறம் மாறத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். கறுத்தால் பொடி முழுவதும் கசக்கும். மிளகாய்க்குச் சூடு ஏறினால் போதும், நிறம் மாறக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் புகை எச்சரிக்கை மணி இருந்தால் இன்னும் கவனம். முழுதும் ஆறிய பிறகே மிக்ஸியில் போடுங்கள். பொடித்ததும் சூடாக இருக்கும், அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்த்துக் கட்டிதட்டும்.

ரசத்துக்குப் பொடி செய்து வைக்க வேண்டியதில்லை. மிளகையும் சீரகத்தையும் அன்றன்றைக்கு ஒரு சின்ன உரலில் தட்டிப் போடுவதற்கு எந்தப் பொடியும் ஈடாகாது.

காப்பது

அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் மசாலா வைக்காதீர்கள். கைக்கு எட்டுகிற வசதி உண்மைதான், ஆனால் ஆவியும் சூடும் நேரே அங்கேதான் போகிறது. அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத, மூடிய அலமாரி வேண்டும். பெட்டியில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் போட்டுவிட்டு மீதியை ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். கொதிக்கும் சட்டிக்கு மேலே புட்டியைக் கவிழ்த்துக் கொட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காய்ந்த கரண்டியால் எடுங்கள். முழுச் சரக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். தூளுக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம், டர்பன் கோடையில் மூன்று. புட்டியில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டிவிட்டால் சந்தேகம் இருக்காது.

மல்லி, மிளகாய், மஞ்சள் மூன்றையும் தேடி வருவது பழுப்பு நிறத்தில் கடுகளவு இருக்கும் ஒரு வண்டு. ஊரிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். முன்னெச்சரிக்கையாக, மசாலாக் கடையிலிருந்து வந்ததும் இந்தச் சரக்குகளைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துவிடுங்கள். முட்டையும் புழுவும் இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை கட்டியபடியே இருக்கட்டும், இல்லையென்றால் குளிர்ந்த சரக்கின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். வண்டு ஏற்கெனவே ஓடினால் சலித்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், கொட்டிவிட்டுப் புட்டியை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

முதல் மாதத்தில் வாங்க வேண்டாதவை: குங்குமப்பூ, கசகசா, கல்பாசி, ஜாதிபத்திரி, ரெடிமேட் பிரியாணி மசாலா. விருந்து வைக்கும் நாள் வரும்போது வாங்கிக்கொள்ளலாம். விருந்து என்றதும் ஒரு விஷயம்: புரட்டாசியில் இங்கே ஏராளமான தமிழ் வீடுகள் மாதம் முழுக்கக் கவிச்சி தொடுவதில்லை, ஊரைவிடக் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கிறார்கள். அந்த மாதம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சாம்பாரோ கூட்டோ கறி மசாலாவில் புரண்ட கரண்டி படாததாக இருக்கட்டும். அதற்கென்று ஒரு கரண்டியையும் பொடிப் புட்டியையும் தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

டர்பனில் இல்லாமல் ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறுகிறவர்களுக்கு லெனேசியாவும் ஃபோர்ட்ஸ்பர்க்கும், பிரிட்டோரியாவில் லாடியமும் இருக்கின்றன. அங்கே காற்று உலர்ந்தது, குளிர்காலத்தில் மழையும் இல்லை. தூள் இங்கேவிட நாள்படும். ஆனால் உறைபனி விழும், கறிவேப்பிலைத் தொட்டியை மே மாதமே வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். கேப் டவுனில் போ-காப் பகுதியில் 1946இலிருந்து நடக்கும் அட்லஸ் டிரேடிங் கடையில் முழுச் சரக்கு நன்றாகக் கிடைக்கும். அங்கே கறி மசாலா என்று கேட்டால் கேப் மலாய்க்காரர்களின் சமையலுக்கு ஏற்ற, இனிப்பு வாசம் தூக்கலான கலவையைக் காட்டக்கூடும். டர்பன் மசாலாதான் வேண்டும் என்றால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.